சட்டைப் பையில் நான்கு வாஷர்

என் வலது கெண்டைக்காலின் உட்புறம் பலாக்கொட்டை அளவில் ஒரு வடு. அதைக் கொடுத்தது என் சகலையின் பைக். சகலை என் மனைவியின் அக்காளைக் கட்டியவர். என்னைவிட இரண்டு வயது மூத்தவர். எந்தக் கூட்டத்திலும் என்னைவிடச் சத்தமாகச் சிரிப்பவர்.

மாமனார் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் பின்னால் உட்கார்ந்து ஜவ்வாது மலை ஏறினேன். சைலன்சர் மேலிருந்த கார்டை, கால் சுடாமல் காக்கும் தகட்டை, அவர் கழற்றி எறிந்திருந்தார். குழாய் பளபளவென்று தெரிய வேண்டுமாம். ஏற்றம் முழுக்க முதல் கியர். வீட்டு முன்னால் இடப்பக்கம் பள்ளம், அதனால் வலப்பக்கமாக இறங்கினேன். வேட்டி விலகியது. சதை தீய்ந்த வாசனை முதலில் வந்தது, வலி அப்புறம்தான்.

"மாட்டுக்கு சூடு போட்டாச்சுடோய்! இனிமே சகலை காணாப்போனாலும் கண்டுபுடிச்சிக்கலாம்!"

சகலை கத்தியதும் பந்தியே சிரித்தது. சிரிக்காமல் எழுந்துபோய் சோற்றுக்கற்றாழை ஒடித்துவந்து பூசியவர் மாமனார் ஒருவர்தான். கற்றாழை வழியும் காலைப் படமெடுத்து சகலை ஸ்டேட்டஸில் வைத்தார். மனைவி வழிச் சொந்தம் அத்தனையும், சிக்னல் கிடைக்கிற பாறைகளில் ஏறி நின்று, என் காலைப் பார்த்தது.

புதூர்நாடு வளைவில் எனக்கு பைக் ரிப்பேர் கடை. ஸ்பேனரைக் கையில் பிடித்துக்கொண்டு மழை பார்த்தேன், பனி பார்த்தேன், சாமை அறுப்பு பார்த்தேன். எந்த பைக் சத்தம் கேட்டாலும் தலை நிமிரும். ஒருநாள் சகலை வந்தார்.

"இன்னா சகலை, இதுக்கு ஒரு கார்டு போட்டுக் குடு. புளி மூட்ட குழாயில ஒட்டிக்கினு உருகிடுச்சு. பாதி புளி கரி."

என் கால் கருகியபோது வராதவர், புளி கருகியதும் வந்துவிட்டார். "குந்துங்க ண்ணா, போட்டுடலாம்" என்றேன்.

கார்டு என்றால் தகடு என்று எல்லாரும் நினைக்கிறார்கள். காலைக் காப்பது தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே நிற்கும் கொஞ்சம் காற்று. நான்கு வாஷர் கொடுத்துத் தூக்கி மாட்டினால் அந்தக் காற்று நிற்கும். கொடுக்காமல் இறுக்கினால் தகடும் குழாயோடு சேர்ந்து கொதிக்கும், பார்வைக்கு மட்டும் பத்திரமாக இருக்கும். வாஷர்களைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். தகட்டைத் தட்டித் தட்டி ஒட்டவைத்து இறுக்கினேன். துணியால் துடைத்தேன். அதில் என் முகம் தெரிந்தது. நல்ல முகம்தான்.

"மூட்டை ஏத்தவா ண்ணா?"

"இல்லபா. நாளைக்கு மாமாவ ஏத்திக்கினு திருப்பத்தூரு போவணும். சக்கர மாத்திர தீந்துபோச்சாம்."

துணி கையிலேயே நின்றது. மாமனாரின் சர்க்கரை ஏறிய கால். ஒரு முள் கீறினாலே மூன்று மாதம் ஆறாத கால். அந்தக் காலுக்கா இத்தனை நாள் காத்திருந்தேன்? ஆனால் வாஷரைக் கொடுத்து இவரை அப்படியே சிரித்துக்கொண்டு அனுப்பிவைக்கவும் மனம் வரவில்லை.

"ஒரு ரவுண்டு பாத்துடலாம் ண்ணா. நான் ஓட்றேன், நீங்க பின்னாடி குந்துங்க."

"எதுக்குபா?"

"ஆள் ஏறுனாத்தான் தகடு ஆடுதா இல்லியான்னு தெரியும்."

மடித்துக் கட்டிய லுங்கியோடு ஏறினார். மேட்டின் உச்சி வரைக்கும் கியர் மாற்றவில்லை. பின்னால் அவர் விசிலடித்துக்கொண்டு வந்தார். இடப்பக்க உண்ணிச்செடிப் பள்ளத்தை ஒட்டி, சக்கரம் விளிம்பைத் தொட, நிறுத்தினேன்.

"அந்தாண்ட பள்ளம் ண்ணா. இந்தப் பக்கமா எறங்குங்க."

புதுத் தகடு இருக்கிற தைரியத்தில் காலை நன்றாகச் சாய்த்தே இறங்கினார்.

அப்படி ஓர் அலறலை அந்த மலையில் நான் கேட்டதில்லை. அத்தனை இனிமையாக வேறு எதையும் கேட்டதில்லை.

"டேய்! கார்டு போட்டும் சுடுதேடா!"

"நாலு வாஷர் குடுத்தா அடங்கிடும் ண்ணா."

குழாய் ஆறும்வரை இருவரும் சாலையோரம் உட்கார்ந்திருந்தோம். அவர் காலை ஊதிக்கொண்டிருந்தார். நான் போனை எடுத்து ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு வாஷர்களைக் கொடுத்து, என் தொழிலுக்குக் குறைவில்லாமல் மாட்டினேன்.

மறுநாள் திருப்பத்தூர் போகிற வழியில், மாமனார் என் கடை முன்னால் வலப்பக்கமாகவே இறங்கினார். கால் தகட்டில் பட்டது. தகடு சுடவில்லை, பட்டதே அவருக்குத் தெரியவில்லை. சகலை கற்றாழை பூசிய காலை லுங்கியால் மூடிக்கொண்டு வேறெங்கோ பார்த்தார்.

அந்தப் படத்தை இன்னும் யாருக்கும் காட்டவில்லை. தையில் ஒரு காதுகுத்து வருகிறது.