செவ்வாய்க்கிழமை கத்தரி எடுக்காத தாராவி சலூன்

சுற்றிப் பார்க்கப் போன பயணம் இல்லை இது. தாராவியில் தோல் பை தைக்கும் என் சித்தப்பா முத்துவின் போன் ஒன்பது நாட்களாக அணைந்து கிடந்தது. வாரத்துக்கு இரண்டு முறையாவது அப்பாவிடம் பேசிவிடுகிறவர். பத்தாம் நாள் ஆகஸ்ட் மழையில் நான் திருநெல்வேலியில் ரயில் ஏறினேன்.

அப்பாதான் போயிருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்கு முன் அவருக்கு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தார்கள். நீண்ட பயணம் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சித்தப்பாவுக்கு இது தெரியாது. "அவங்கிட்ட சொன்னா வேலையப் போட்டுட்டு ஓடி வந்துருவான். யாருகிட்டயும் மூச்சு விடாத" என்று அப்பா சொன்னதால் நெருங்கிய தோழிகளிடம்கூட நான் சொல்லவில்லை. ரகசியம் காப்பது எனக்குச் சுலபம். இயல்பிலேயே அதிகம் பேசாதவள். ஆனால் இந்த ஒன்று மட்டும் மூன்று மாதமாக நெஞ்சில் கல் மாதிரி கிடந்தது.

தாதரில் இறங்கும்போது ரயிலில் முப்பது மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. செம்பூரில் கல்லூரித் தோழி வீட்டில் தங்கினேன். கையில் இருந்தது ஒரே ஒரு விலாசம்: தொண்ணூறு அடி சாலைக்குப் பின்னால் ஒரு சந்தில், பரமசிவம் சலூன். சித்தப்பாவின் அறைக்கு எண் கிடையாது. வீட்டிலிருந்து முறுக்கு, கல்யாணப் பத்திரிகை என்று எதை அனுப்பினாலும் சலூன் பெயருக்குத்தான் போகும். கடையின் போன் நம்பரை வாங்கி வைக்க எங்களில் யாருக்கும் தோன்றவில்லை. இந்த மாதிரி உறவினர் உங்களுக்கும் இருந்தால் இன்றே வாங்கி வையுங்கள்.

"மும்பைல சலூனுக்கு திங்கட்கிழமை லீவு. நீ நாளைக்குப் போ" என்றாள் தோழி. ஆகவே செவ்வாய் மதியம் கிளம்பினேன். செம்பூரில் 2.10க்கு ஹார்பர் ரயில், குர்லாவில் இறங்கி சென்ட்ரல் பாதைக்கு மாற்றம், அடுத்த நிலையம் சயான். டிக்கெட் ஐந்து ரூபாய். சயான் வரை ஆட்டோவும் உண்டு, ஆனால் மழை நாளில் ரயில்தான் வேகம். அங்கிருந்து சுமார் ஒன்றரை கிலோமீட்டர் நடை. எனக்கு இருபத்தைந்து நிமிடம் ஆனது. வழி கேட்க இந்தியைத் தயார் செய்துகொண்டு போனேன். பூக்கடைக்காரம்மா எங்கள் ஊர் அம்பாசமுத்திரத் தமிழில் வழி சொன்னார்.

சலூனின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. "செவ்வாய் விடுமுறை" என்று பலகை. மும்பைக்குத் திங்கள் என்றால், இந்தக் கடை ஊர் வழக்கப்படி செவ்வாய். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அப்போது ஷட்டருக்குக் கீழே நான்கு ஜோடி செருப்புகள் தெரிந்தன. உள்ளே சிரிப்புச் சத்தம்.

குனிந்து பார்த்தேன். சுழல் நாற்காலிகளில் இருவர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். பெஞ்சில் தாடி வைத்த பெரியவர் ஒருவர். நின்றபடி ஒரு தமிழ்க் கல்யாணப் பத்திரிகையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தவர்தான் பரமசிவம். நாற்காலிக்காரர்களுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது என்று பிறகு தெரிந்தது.

"யாரு தாயி, உள்ள வாங்க. இன்னைக்கு கத்தரி எடுக்க மாட்டோம். மத்தபடி எல்லாம் உண்டு" என்றார் பரமசிவம்.

"அதான் பாத்தாலே தெரியுதே, வாய்தான் வேல பாக்கு" என்றார் பெஞ்சில் இருந்த பெரியவர். அவர் காதர் பாய், சித்தப்பா வேலை பார்க்கும் தோல் பைப் பட்டறையின் சொந்தக்காரர். நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார்.

முத்துவைப் பார்க்க வந்தேன் என்றேன். நான் யார் என்று சொல்லவில்லை. டீக் குவளைகள் ஒரு கணம் அசையாமல் நின்றன. பிறகு நால்வரும் கிட்டத்தட்ட ஒரே நேரத்தில் பேசினார்கள்.

"ஊருக்குப் போயிருக்காவ."

"ஊருக்கா? எப்ப?"

"பன்னெண்டு நாளு இருக்கும்" என்றார் காதர் பாய். "அம்பாசமுத்திரம். அண்ணன் வீட்டுக்கு. பக்கா."

பன்னிரண்டு நாட்களுக்கு முன் கிளம்பியவர் வீடு வந்து சேரவில்லை என்றால்?

"நான் அந்த வீட்டுலருந்துதான் வர்றேன். அவரோட அண்ணன் மக. அங்க யாரும் வரல."

நாற்காலியில் இருந்தவர்களில் ஒருவர் மெல்லச் சுழன்று கண்ணாடியைப் பார்த்துக்கொண்டார். "அரே, போச்சு" என்றார் மற்றவர்.

அந்தக் கடையில் வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் தனி பிளாஸ்டிக் டப்பா உண்டு. அவரவர் பிரஷ், அவரவர் சோப்பு, மூடியில் பெயர். அலமாரி முழுக்க வரிசையாக அடுக்கியிருந்தது. பரமசிவம் கையில் ஒரு துணிப்பை இருந்தது. பையின் வாயில் துருத்திக்கொண்டிருந்த டப்பாவின் மூடியில் "முத்து" என்று எழுதியிருந்தது.

"ஊருக்குப் போனவருக்கு இந்த டப்பாவ எங்க கொண்டு போறீங்க அண்ணாச்சி?"

பரமசிவம் டப்பாவைப் பார்த்தார். காதர் பாயைப் பார்த்தார். "நாந்தான் அப்பவே சொன்னேம்லா பாய், நாசிக்குன்னு சொல்லுவோம்னு. ஊருன்னு சொன்னது யாரு?"

"ஊருலருந்தே ஆளு வரும்னு நான் கண்டனா?" என்றார் காதர் பாய்.

பிறகு அவரே சொன்னார். பட்டறையின் இரும்பு ஏணி மழையில் நனைந்திருக்கிறது. மாடியிலிருந்து இறங்கும்போது சித்தப்பா வழுக்கித் தொடை எலும்பை முறித்துக்கொண்டார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பக்கத்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார். "அண்ணனுக்குத் தெரியக் கூடாது, கேட்டா எங்கயோ வெளியூரு போயிருக்கேன்னு சொல்லுங்க" என்று ஸ்ட்ரெச்சரில் படுத்தபடியே எல்லோரிடமும் சத்தியம் வாங்கியிருக்கிறார். அக்கம்பக்கத்தில் யார் விசாரித்தாலும் சொல்ல வேண்டிய பதில் அது. அண்ணன் மகளுக்கென்று பதில் எதுவும் வைத்திருக்கவில்லை.

உயிரோடு இருக்கிறார். எனக்கு அதற்கு மேல் எதுவும் காதில் விழவில்லை. முகத்தை மூடிக்கொண்டேன். என் பக்கத்தில் ஒரு டீ வந்து உட்கார்ந்தது.

கடைக்கு விடுமுறை என்பதால்தான் செவ்வாய்க்கிழமைகளில் பரமசிவம் துணிப்பையோடு கிளம்புகிறார். தெருவில் யார் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தாலும் அவரவர் டப்பாவை எடுத்துக்கொண்டு போய் சவரம் செய்துவிட்டு வருவார். பார்வை நேரம் நான்கு முதல் ஆறு வரை. நானும் கூடவே போனேன்.

சித்தப்பா காலில் பெரிய கட்டோடு தலையணையில் சாய்ந்திருந்தார். என்னைக் கண்டதும் பரமசிவத்தைத்தான் முறைத்தார். "ஏல, ஒரு பொய்ய ஒழுங்கா சொல்லத் தெரியாதா ஒனக்கு?"

"மூஞ்சிய ஆட்டாதீய, பிளேடு இருக்கு" என்றார் பரமசிவம்.

"போனை ஏன் சித்தப்பா அணைச்சு வச்சீங்க?"

"அண்ணன் கொரல் கேட்டா எனக்குப் பொய் வராதுளா."

பாதி முகம் நுரையோடு இருக்கும்போதே அப்பாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன். முதல் இரண்டு நிமிடம் அப்பா திட்டியது அடுத்த கட்டில் வரை கேட்டது. சித்தப்பா சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார். பிறகு கேட்டார்: "நீ ஏண்ணே வரல? எனக்குத் தும்மல் வந்தாலே ரயில் ஏறுவியே?"

"டிக்கெட் கெடைக்கலடா" என்றார் அப்பா.

பரமசிவம் பிளேடைத் துடைத்தபடி என்னை ஒரு பார்வை பார்த்தார்.

ஆறு மணிக்கு வெளியே வந்தோம். மழை விட்டிருந்தது. சாலையைக் கடந்ததும் பரமசிவம் கேட்டார்: "அப்பாவுக்கு ஒடம்புக்கு என்ன தாயி?"

"எப்படித் தெரிஞ்சுது?"

"ஒங்களுக்குக் கெடச்ச டிக்கெட்டு அவ்வொளுக்கு மட்டும் கெடைக்காதா? முப்பது வருசமா பேச்சு கேக்குறதுதான பொழப்பு."

நடைபாதையில் நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். அப்பாவுக்கு வேர்த்துக் கொட்டிய அந்த விடியற்காலை, ஆம்புலன்ஸ், ஆபரேஷனுக்கு நான் போட்ட கையெழுத்து. நான் முடித்ததும், "சரி. இது கடைக்குள்ள வராது. ஆனா முத்துகிட்ட அவ்வொளே சொல்லணும். அத நீங்க பாத்துக்கிடுங்க" என்றார். மூன்று மாதம் கழித்து அன்றுதான் எனக்கு மூச்சு முழுசாக வந்தது.

இந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: சவரம் நாற்பது ரூபாய், முடிவெட்டு எண்பது. பெண் ஒருத்தி ஆண்கள் சலூனுக்குள் நுழைவதா என்று வாசலில் தயங்கினேன், அவசியமே இருக்கவில்லை. யாரையாவது தேடிப் போகிறீர்கள் என்றால், நீங்கள் யார் என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கடைக்குள் படம் எடுக்க வேண்டாம். நானும் எடுக்கவில்லை, கடையின் பெயரையும் இங்கே மாற்றித்தான் எழுதியிருக்கிறேன்.

சித்தப்பா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். அவர் ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்குத் திரும்பிய வாரமே அப்பா போனில் எல்லாவற்றையும் சொன்னார். இந்த முறை திட்டு வாங்கியது அப்பா. நேற்று பரமசிவம் அண்ணாச்சி ஒரு படம் அனுப்பியிருந்தார்: அலமாரியில் சித்தப்பாவின் டப்பாவுக்குப் பக்கத்தில் புதிதாக ஒன்று, மூடியில் அப்பாவின் பெயர். அப்பா டிசம்பரில் மும்பை போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். டிக்கெட் கிடைத்துவிட்டது.