எடுத்துப்போடுங்க

சிங்காநல்லூரில் ஒரு மில்லின் கம்ப்யூட்டர் அறையில் மருதாசலத்துக்கு வேலை. அப்பன் வழியிலும் ஆத்தாள் வழியிலும் தேடினாலும் காலேஜுக்குப் போனவன் அவன் ஒருவன்தான். அலமாரி அலமாரியாக நிற்கும் அந்த மெயின்ஃபிரேமில்தான் மில்லின் டேட்டாபேஸ் ஓடியது. அது திணறாமல் ஓட, எதற்கு எவ்வளவு இடம் என்று அளவு வைக்கவே தனியாக ஒரு புரோகிராம் உண்டு. அலாரம் வைப்பதுபோல, இந்த நாள் இந்த மணிக்கு இந்த அளவுக்கு மாறு என்று அதில் முன்கூட்டியே எழுதிவைக்கலாம். வேண்டாமென்றால் நேரம் வருமுன் ரீசெட் கொடுக்க வேண்டும். எழுதியது அழிந்து பழைய அளவே நிற்கும்.

தொண்ணூற்று நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பகல் பன்னிரண்டுக்கு அப்படி ஒன்றை எழுதிவைத்திருந்தான். மிஷின் சும்மா கிடக்கிற நாள்தானே என்ற நினைப்பு. பிறகு சம்பளச் சீட்டை அன்றைக்கே ஓட்டுவதென்று முடிவாயிற்று. ரீசெட் கொடுப்பதற்குள் கொடுமுடியிலிருந்து ஆள் வந்துவிட்டது, அம்மா பழனியாத்தாளுக்கு முடியவில்லை என்று. போட்டது போட்டபடி ஓடினான்.

ஞாயிறு காலையில் அம்மாவுக்கு மூச்சு இழுத்தது. அவன் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கியும் போயராத கண்ணு" என்றாள். பத்தரை மணிக்குத்தான் அவனுக்கு மில்லின் ஞாபகம் வந்தது. கையை மெல்ல விடுவித்துக்கொண்டான். அவன் அப்பன்கூடப் பிறந்த லட்சுமியம்மாள், காங்கயத்தில் வாக்கப்பட்டவள், பக்கத்தில் இருந்தாள். அஞ்சு நிமிஷம் அத்தை என்று சொல்லிவிட்டு டெலிபோன் பூத்துக்குப் போனான்.

மில்லில் அன்று கயல்விழி இருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துப் பெண், சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"பன்னெண்டு மணிக்கு ஒண்ணு இருக்குதுங்க அம்மணி. அதைய எடுத்துப்போடுங்க" என்றான்.

நம் பக்கத்தில் எடுத்துப்போடு என்றால் நீக்கிவிடு என்று அர்த்தம். அவளோ எடுத்து உள்ளே போடச் சொல்கிறான் என்று நினைத்தாள். சம்பளச் சீட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பன்னிரண்டு வரை காக்காமல் அந்தப் புது அளவைப் போட்டுவிட்டாள்.

அவன் வீட்டு வாசலில் கால் வைக்குமுன், பூத்துக்காரர் பீர் முகம்மது பின்னாலேயே ஓடிவந்து, மிஷின் நின்றுபோயிற்றாம் என்று வீட்டுக்குள் கேட்கக் கூப்பிட்டார். உள்ளே எட்டிப் பார்க்காமலே திரும்பினான். கயல்விழி போனில் அழுதாள், இனி எதையும் தொட மாட்டேன் என்றாள். அவன் எழுத்து எழுத்தாகச் சொல்லச் சொல்ல, அவள் அடித்தாள். லைன் மூன்று தடவை அறுந்தது. பழைய அளவையே திரும்ப வைத்து மிஷின் மறுபடி ஓடுவதற்கு ஒரு மணி நேரம் ஆயிற்று.

அவன் வந்தபோது லட்சுமியம்மாள் பழனியாத்தாளின் கண்களை மூடிவிட்டிருந்தாள்.

"உன்னையத்தான் தேடுனாங்க கண்ணு. மிஷினுக்கு ஒடம்பு சரியில்லியாமா, பாக்கப் போயிருக்கறான்னேன். பாத்துப்போட்டே வரட்டும்னாங்க."

மூன்றாம் நாள் கயல்விழி துக்கம் கேட்க வந்தாள். தலை நிமிராமல், "அம்மா எப்பம் போனாவ?" என்று கேட்டாள்.

"சாயங்காலமுங்க. நான் பக்கத்துலயேதான் இருந்தேன்."

லட்சுமியம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.