லைன் என்ற சொல்லும் இரண்டு பச்சைக் குடங்களும்

தண்ணீர் வருவதற்கு முன்னால் குழாயில் காற்று வரும். புஸ்ஸென்று ஒரு சத்தம், பிறகு நாலைந்து துளி துருத் தண்ணீர், அதற்குப் பிறகுதான் நல்ல தண்ணீர். அந்தச் சத்தம் கேட்டால் திருப்பூர் மண்ணரையில் நாங்கள் இருந்த லைன் வீட்டின் எட்டுக் கதவுகளும் திறக்கும்...

நான் அப்போது ஏழாம் வகுப்பு. இப்போது பிளஸ் டூ. ஐந்து வருடம்தான் ஆகிறது, அதற்குள் நினைவு எழுத வந்துவிட்டாயா என்று சிரிக்காதீர்கள்.

காலாண்டு விடுமுறைக்கு எங்கள் இங்கிலீஷ் மிஸ் ஆளுக்கு ஒரு சின்னச் சொல்லைக் கொடுத்தார். அதற்கு எத்தனை அர்த்தம், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நோட்டு முழுக்க எழுதிவர வேண்டும். எனக்குக் கிடைத்தது ‘லைன்’. இதில் என்ன இருக்கிறது என்று முதலில் ஏமாற்றமாக இருந்தது.

குன்னத்தூரில் மாமா வீட்டுக்குப் போன ஒரு வாரத்தில் அந்த ஏமாற்றம் போய்விட்டது. தென்னைக்குச் சொட்டு நீர் விடும் குழாயை மாமா லைன் என்றார். மின்கம்பத்தில் ஏறுகிறவர் லைன்மேன். போனில் லைன் கிடைக்கவில்லை. பந்து நல்ல லைனில் விழுந்தது. பஸ் எந்த லைனில் போகிறது? அம்மா தைக்கிற பனியன் கம்பெனியில் ஒருவர் கை மாற்றி ஒருவர் கைக்குத் துணி போகிற வரிசையும் லைன்தான். ஒரு டெய்லர் மெதுவாகத் தைத்தால் லைன் முழுவதும் நிற்கும். நாங்கள் குடியிருந்ததும் லைன் வீடு.

பள்ளி நூலகத்திலிருந்து வாங்கி வந்திருந்த தடித்த அகராதியில்தான் பெரிய விஷயம் இருந்தது. லத்தீன் மொழியில் ஆளிச் செடியின் நாருக்கு ஒரு பெயர். அந்த நாரில் திரித்த நூலுக்கு அதிலிருந்தே இன்னொரு பெயர். நூலை இழுத்துப் பிடித்தால் நேராக நிற்கும் அல்லவா... அப்படித்தான் கோடு, வரிசை எல்லாமே வந்திருக்கின்றன. லினன் துணியும், சட்டைக்கு உள்ளே கொடுக்கிற லைனிங்கும் அதே குடும்பம்.

எல்லா லைனும் ஒரு நூல்! திருப்பூர்க்காரிக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? ஊர் திரும்பியதும் அம்மாவிடம் மூச்சு விடாமல் சொன்னேன்.

“அப்ப இங்கிலீசே ஏதோ பனியன் கம்பெனில தெச்சதுதானாக்கும்” என்று சொல்லிவிட்டு அம்மா ஷிப்டுக்குக் கிளம்பிப் போய்விட்டாள்.

அன்று மத்தியானம் தண்ணீர் வந்தது. பெரியவர்கள் எல்லாம் கம்பெனியில். குடத்தோடு நின்றது பிள்ளைகள்தான், அதில் பெரியவள் நான். எங்கள் லைனில் ஒரு வழக்கம் உண்டு. வேலைக்குப் போனவர்கள் காலையிலேயே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுப் போவார்கள். அவர்கள் முறை வந்தால், பின்னால் நிற்பவர் அதைப் பிடித்து அவர்கள் வாசலில் வைத்துவிட வேண்டும்.

என் குடங்களுக்கு முன்னால் இரண்டு பச்சைக் குடங்கள் இருந்தன. கடைசி வீட்டு மாரியக்காவுடையவை. கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவர். அவர் வேலைக்குப் போகவில்லை என்று எனக்குத் தெரிந்தது. வீட்டுக்குள் குழந்தை சிணுங்குவதும் அவர் சமாதானம் சொல்வதும் கேட்டுக்கொண்டே இருந்தது.

வீட்டில் இருந்துகொண்டே வெளியே வரவில்லை என்றால் என்ன நியாயம்? லைன் என்றால் நிற்க வேண்டும். இரண்டு குடங்களையும் ஓரமாக நகர்த்திவிட்டு எங்களுடையதைப் பிடித்தேன். எனக்குப் பின்னால் இருந்தவர்களும் அப்படியே செய்தார்கள். கொஞ்ச நேரத்தில் குழாய் நின்றுவிட்டது.

மாரியக்கா வீட்டுக் கதவில் வேப்பிலைக் கொத்து செருகியிருந்தது. எல்லோருக்கும் தெரிந்த அடையாளம். நான் கையிலிருந்த நோட்டை மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் அம்மா வந்ததும் மாரியக்கா தன் வீட்டு நிலையைத் தாண்டாமல் நின்று கேட்டார்.

“அக்கா, எங்கொடம் ரெண்டும் வெறுங்கொடமாக் கெடக்கு. நாளைக்குப் பிள்ளைக்குத் தண்ணி ஊத்தணும்ல...”

நான் ஊரில் இல்லாத நாட்களில் அந்தக் குழந்தைக்கு அம்மை போட்டிருக்கிறது. மற்றவர்களுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று மாரியக்கா விடியுமுன்னே குடத்தை வைத்துவிட்டு, ஆட்கள் நிற்கும்போது குழாயடிக்கே வராமல் இருந்திருக்கிறார். குழாய்த் தண்ணீர் இல்லையென்றால் போர்வெல் உப்புத் தண்ணீர்தான், அதில் குளித்தால் எங்களுக்கே உடம்பு அரிக்கும். அம்மை இறங்கிய பிஞ்சு உடம்பில் அதை எப்படி ஊற்றுவது?

அம்மா என் பக்கம் திரும்பினாள். “வேப்பந்தழ தொங்கறது உன்ற கண்ணுக்குத் தெரியலயா கண்ணு?”

கோபம் வந்தாலும் எங்கள் ஊரில் கண்ணுதான். அதுதான் அதிகம் வலித்தது.

எங்கள் டிரம்மிலிருந்து மொண்டு மொண்டு மாரியக்கா வாசலுக்கு நானே சுமந்தேன். டிரம்மின் அடி தெரிந்தது. கடைசிக் குடத்தை வைத்துவிட்டுப் புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். கதவுக்குப் பின்னாலிருந்து மாரியக்கா சொன்னார்.

“அழாத தாயி. இனிமே எங்கொடத்த நீயே பிடிச்சு வச்சிரு, என்ன?”

அவர்கள் ஊரைவிட்டுப் போகும்வரை நான்தான் பிடித்து வைத்தேன்.

நோட்டுக்கு ‘வெரி குட்’ கிடைத்தது. இருபத்தொரு அர்த்தம் எழுதியிருந்தேன். குழாயடியைப் பற்றி எழுதவில்லை. எழுத வெட்கமாக இருந்தது.

இப்போது வீரபாண்டிப் பக்கம் தனி வீடு. சுவிட்சைப் போட்டால் மேல் தொட்டி நிறையும். குடம் வைத்துக் காத்திருக்க வேண்டியதில்லை, அம்மாவுக்கு இடுப்பு வலியும் குறைந்திருக்கிறது. அந்தக் கஷ்டம் திரும்ப வர வேண்டும் என்று நான் சொல்லவே மாட்டேன்.

ஆனால் பக்கத்து வீட்டுக் கதவு நாலு நாளாகச் சாத்தியே இருக்கிறது. ஊருக்குப் போயிருக்கிறார்களா, உள்ளே யாருக்காவது உடம்பு சரியில்லையா... எனக்குத் தெரியவில்லை. அவர்கள் பெயரும் தெரியாது.

இதை எழுதி முடித்ததும் போய்க் கதவைத் தட்டப் போகிறேன்.