சுகம் தந்ததற்காக ஒரு ஸ்தோத்திரச் சீட்டு

என் மனைவி எதற்கெடுத்தாலும் ஸ்தோத்திரம் சொல்லுகிறவள். நாலு நாளாக வராத குழாய்த் தண்ணீர் வந்தால் ஸ்தோத்திரம். பெங்களூரிலிருந்து மகள் போன் செய்தால் ஸ்தோத்திரம். எங்கள் பக்கத்து நாசரேத் ஊரில் பிறந்து, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்து, அப்படிப்பட்ட ஒரு பள்ளியிலேயே டீச்சராக இருந்தவள். நான் துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவன். நாள் முழுக்க உயரத்தில் தனியாக உட்கார்ந்தே பழகியதால் எதையும் வாய்விட்டுச் சொல்ல வராது.

போன வருடம் அவளுக்குக் கர்ப்பப்பையை எடுத்தார்கள். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டுக்கு வந்த பிறகு அடுப்படி என் கைக்கு வந்தது. நான் வைத்த ரசத்தில் புளி தூக்கல் என்பது எனக்கே தெரியும். அவள் மறுபடியும் ஊற்றச் சொல்லிக் குடித்தாள்.

தையல் பிரித்த மறுநாள், புதன்கிழமை, தலையணையில் சாய்ந்துகொண்டு கோயிலுக்குச் சீட்டு எழுதினாள். எங்கள் கோயிலில் நன்றி சொல்ல நினைப்பவர்கள் அதை எழுதி வாசலில் உள்ள பெட்டியில் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து வாசிப்பார். வாசித்து முடித்ததும் சபையார் எல்லாரும் சேர்ந்து ஸ்தோத்திரம் சொல்வார்கள். மற்றவர்கள் ஒரு வரி எழுதுவார்கள். இவள் பக்கம் நிறைய எழுதினாள். அப்படி என்னதான் எழுதுகிறாய் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம கோயில்ல கேட்டுக்கிடுங்க" என்றாள்.

சாயங்காலம் போய்ப் பெட்டியில் போட்டுவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணி இருக்கும். கட்டிலை விட்டு எழுந்தவள், மூச்சு முட்டுகிறது என்று சொல்லி என் தோளைப் பிடித்தாள். ஆட்டோ தெருமுனைக்கு வருவதற்குள் பிடி தளர்ந்துவிட்டது. காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். இப்படி எப்போதாவது நடப்பதுண்டாம். மகள் வந்து சேர்ந்ததும் சனிக்கிழமை சாயங்காலம் அடக்கம் செய்தோம்.

மறுநாள் காலை கோயிலுக்குப் போக எனக்கு மனமில்லை. மகள்தான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள். சீட்டு என் நினைவிலேயே இல்லை. உபதேசியார் முந்தின நாள் கல்லறையில் எங்களோடு நின்றவர்தான். பெட்டியில் அவள் சீட்டு கிடப்பது அவருக்கும் தெரிந்திருக்க நியாயமில்லை. இரண்டு பிறந்தநாள், ஒரு புதுவீடு என்று வாசித்துக்கொண்டே வந்தவர் அடுத்ததைப் பிரித்து, "ஆபரேஷன் நல்லபடியாக முடிந்து பூரண சுகம் தந்ததற்காக" என்று தொடங்கினார். அதற்குள் அடியில் இருந்த பெயர் கண்ணில் பட்டிருக்க வேண்டும். அப்படியே நிறுத்திவிட்டார். சீட்டை மடிக்கப் போனார்.

நான் எழுந்து நின்றேன். ஏன் எழுந்தேன் என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.

"வாசிங்கய்யா. அவ எழுதுனதுதான்" என்றேன்.

அவர் வாசித்தார். மயக்கம் தெளிந்ததும் முதலில் கணவர் முகத்தைப் பார்த்ததற்காக. தையல் பிரித்தபோது வலி இல்லாததற்காக. கத்திரி பிடித்த நர்ஸ் பிள்ளையின் மெதுவான கைக்காக. பத்து நாளாக அவர் வைத்துத் தந்த ரசத்துக்காக. கடைசி வரிக்கு வந்தபோது உபதேசியாரின் குரல் இறங்கிவிட்டது. ஆயுசு நாட்களைக் கூட்டிக் கொடுத்ததற்காக.

சபையில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அந்த அமைதியில் என் பக்கத்தில் மகள் மட்டும் மெல்ல "ஸ்தோத்திரம்" என்றாள். எனக்கு அவள் மேல் அப்படி ஒரு கோபம் வந்தது.

வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் கேட்டுவிட்டேன். எதற்கு ஸ்தோத்திரம் சொன்னாய், அந்தக் கடைசி வரிக்கா என்று. அவள் அழவில்லை.

"அம்மா எழுதுனது பொய்யில்லயேப்பா. அன்னைக்கு நல்லாத்தான இருந்தா."

"ரெண்டு நாள்ல போயிருவோம்னு அவளுக்குத் தெரியாதுல்லா."

"தெரிஞ்சிருந்தாலும் ரசத்துக்கு எழுதித்தான் இருப்பா" என்றாள். அதன் பிறகு அவளால் அழுகையை அடக்க முடியவில்லை. இரண்டு பேரும் கூடத்துத் தரையில் உட்கார்ந்து அழுதோம்.

மகள் ஒரு வாரம் இருந்துவிட்டு ஊருக்குப் போனாள். அன்று மத்தியானம் சோறு வடித்துத் தட்டில் போட்டு உட்கார்ந்தேன். கல்யாணமான முப்பத்தோரு வருடமும் சாப்பாட்டு ஜெபம் அவள்தான் செய்வாள். ஆமென் சொல்வது மட்டும் என் வேலை. எப்படி ஆரம்பிப்பது என்றே எனக்குத் தெரியவில்லை. ஜெபம் செய்யாமலே சாப்பிட்டேன். மாதக் கணக்கில் அப்படித்தான் சாப்பிட்டேன். தேவனோடு பேச்சுவார்த்தை இல்லாமல் இருந்தேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

ஒருநாள் பக்கத்து வீட்டு அக்கா சாளை மீன் குழம்பு கொடுத்தனுப்பியிருந்தார்கள். மூடியைத் திறந்ததும் வாசனை வந்தது. இந்த மீனுக்காக ஸ்தோத்திரம் என்று சத்தமாகவே சொன்னேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை. ஆமென் சொல்லாமலே சோற்றில் ஊற்றிப் பிசைந்தேன்.

இப்போது தினமும் சொல்லுகிறேன். சோறு, மருந்து, மகளின் போன் என்று அந்த அளவில்தான். அவளை எடுத்துக்கொண்டதைப் பற்றி நான் எதுவும் சொல்லுவதில்லை. அதை விட்டுவிட்டுத்தான் ஜெபிக்கிறேன்.