தவளக்குப்பம் தாண்டிய பந்து

எங்கள் குரூப்பில் டைப் அடிக்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவன் நான்தான். சட்டம் போட்டவனுக்கு ஒரு திமிர் இருக்கும் இல்லையா, அந்தத் திமிரோடுதான் இத்தனை வருடங்களாக அட்மின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

குரூப் என்றால் பெரிய கூட்டம் ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் உப்பளம் பக்கம் சாயங்கால நேரத்தில் பந்து உதைத்த ஏழு பேர். இப்போது ஏழு பேருக்கும் தொப்பை, முட்டிவலி, பிள்ளைகளின் டியூஷன். பந்தைக் காலால் தொட்டு வருடங்கள் ஆகின்றன. ஆனால் பந்தைப் பற்றிப் பேசாமல் யாருக்கும் காலை காபி இறங்காது.

ஆரம்பத்தில் எல்லோரும் டைப்தான் அடித்தோம். அதில் வந்தது வினை. எங்களில் ஒருவன் தையல்காரன். ஊசியில் நூல் கோக்கும்போது மட்டும்தான் கண்ணாடி போடுவேன் என்று பிடிவாதம் பிடிப்பவன். பொடி எழுத்தைப் படிக்க முடியாமல், இரங்கல் செய்திக்குக் கைதட்டல் படம் போட்டு அசிங்கப்பட்டான். இன்னொருவனின் குடும்பத்தில் பாதிப் பேர் பிரான்சில். அதனால் அவனுக்குப் பிரான்சுக்காரன் என்றே பெயர். அவன் ஆங்கில எழுத்தில் அடிக்கும் தமிழை அவனே மறுநாள் படிக்க முடியாது. போதாக்குறைக்கு, மிச்சமிருந்தவர்கள் விடிந்தால் போதும், ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் அனுப்பினார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. இனிமேல் எழுத்தும் கிடையாது, பூவும் கிடையாது, எதுவானாலும் சொந்த வாயால் சொல்லி அனுப்பு என்று அறிவித்தேன். மீறினால் ஒரு நாள் வெளியே. மறுநாள் காலை ஆறு மணிக்குத்தான் திரும்பச் சேர்ப்பேன். அந்தத் தண்டனைக்குப் பிரான்சுக்காரன் 'ரூஜ்' என்று பெயர் வைத்தான். பிரெஞ்சில் சிவப்பு, அதாவது சிவப்பு அட்டை.

சட்டம் வந்த பிறகு குரூப்புக்கு உயிர் வந்துவிட்டது. தினமும் காலையில் தையல்காரன் ஒரு விநோதச் செய்தி சொல்வான். வளர்க்கும் ஆட்டுக்குப் பிறந்தநாள், அதற்குச் சட்டை தைக்க வேண்டும் என்று ஒரு பெண்மணி ஆட்டையே கடைக்குக் கூட்டி வந்தாளாம். இவன் கழுத்தளவு எடுக்கும்போது ஆடு டேப்பைத் தின்றுவிட்டதாம். "இருபத்தி ரெண்டு இஞ்ச் வரைக்கும் உள்ள போயிட்டுச்சு மச்சான், மீதிய நான் இழுத்துப் புடிச்சேன்" என்றான். நிஜமா பொய்யா என்று நாங்கள் கேட்பதில்லை. கேட்டால் மறுநாள் சொல்ல மாட்டான்.

ஆனால் குரூப்பின் ராஜா எங்கள் கோலிதான். கோல் கம்பத்துக்கு நடுவில் நிற்பவனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். பிழைப்புக்குக் கடலூர் போகும் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். முதலியார்பேட்டையில் மில் சங்கு ஊதும் சத்தத்தில் பிறந்தவன், அதனால்தான் அந்தச் சங்கை விழுங்கினவன் மாதிரி கத்துகிறான் என்பான் தையல்காரன். ராத்திரி எங்கோ ஐரோப்பாவில் நடந்த ஆட்டத்தை இவன் முழித்திருந்து பார்ப்பதெல்லாம் இல்லை. காலை முதல் சிங்கிளுக்கு, அதாவது முதல் நடைக்கு முன், டீக்கடையில் இரண்டு நிமிஷத் துண்டு வீடியோ பார்ப்பான். அதை வைத்து ஒரு முழு ஆட்டத்தையே ஓட்டிக் காட்டுவான். எப்படி? அவனுக்குத் தெரிந்த ஒரே மைதானம் புதுச்சேரி–கடலூர் ரோடு. ஒரு கோல் புதுச்சேரி பஸ் ஸ்டாண்டு, எதிர் கோல் கடலூர். நடுக்கோடு தவளக்குப்பம்.

"முதலியார்பேட்டையில பந்து ஏறுது. செவப்புச் சட்டைக்காரன் டிக்கெட் எடுத்துட்டான். அரியாங்குப்பம் பாலம், ஒருத்தன் குறுக்க வர்றான், இடிச்சுட்டுப் போறான். தவளக்குப்பம், தவளக்குப்பம், எறங்கறவங்கல்லாம் எறங்கு. அங்கேருந்து ஒரே மிதி. கிருமாம்பாக்கம், கன்னியக்கோயில், ரெட்டிச்சாவடி, ஆல்பேட்டை செக்போஸ்ட்டு... போச்சு, புடிச்சுட்டாங்கய்யா."

ஆல்பேட்டையில் பிடித்துவிட்டார்கள் என்றால் ஆஃப்சைடு. எங்கள் ஊரில் பாட்டில் வாங்கிப் பைக்குள் போட்டு எடுத்துப் போகிறவர்களைக் கடலூர் போலீஸ் நிறுத்திச் சோதிக்கிற இடம் அது. நடுவர் டிவியில் மறுபடி பார்த்தால், "பையத் தொறந்து காட்டச் சொல்றாங்க" என்பான். கோல் விழுந்தால், "கடலூர், கடலூர், வண்டி இதோட நிக்கும்." இரண்டாம் பாதி ரிட்டர்ன் சிங்கிள். உலகத்தில் எத்தனையோ பேர் எத்தனையோ மொழியில் கால்பந்து வர்ணனை செய்கிறார்கள், ஆனால் ஏழு பேருக்கு மட்டும் புரிகிற வர்ணனை எங்களுடையதுதான். எனக்கு அதில் ரொம்பப் பெருமை. அவனிடம் சொன்னதில்லை.

போன வருடம் அவன் குரல் கம்ம ஆரம்பித்தது. பஸ்ஸில் கத்தினால் கம்மத்தானே செய்யும் என்று நாங்களும் விட்டோம், அவனும் பனங்கற்கண்டைச் சப்பிக்கொண்டு திரிந்தான். மாதக்கணக்கில் சரியாகவில்லை. கடைசியில் கோரிமேட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்ததில் குரல்நாண் மேல் ஏதோ வளர்ந்திருக்கிறது, ஆபரேஷன் செய்து எடுத்துவிடலாம், பயப்படும்படி எதுவும் இல்லை என்றார்கள். எடுத்தும் விட்டார்கள். நானே போய்ப் பார்த்தேன். ஒரு மாதம் பேசவே கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது என்று டாக்டர் சொன்னதை என் காதால் கேட்டேன்.

இதையெல்லாம் எதற்கு இவ்வளவு விலாவாரியாகச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்ல எனக்கு வழியே இல்லை என்பதற்காகத்தான்.

நான் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். அன்றைக்கு ஏதோ விண்ணப்பத்துக்குக் கடைசி நாள். கடை வாசலில் கூட்டம், ஆதார் அட்டையை ஆளுக்கொரு பக்கம் நீட்டுகிறார்கள். போன் மினுங்கியது. குரூப்பில் எழுத்து. யார் என்ன என்று பார்க்கவே இல்லை. எழுத்தைக் கண்டாலே என் கட்டைவிரல் தானாக வேலை செய்யும், அப்படிப் பழக்கி வைத்திருந்தேன். நீக்கினேன். நீக்கிவிட்டு, வழக்கம் போல மைக்கை அமுக்கி, "ரூஜ். நாளைக்குக் காலையில வா" என்றும் சொல்லிவிட்டேன்.

ஒரு நிமிஷத்தில் தையல்காரன் குரல் வந்தது. "டேய், உனக்கு இன்னா ஆச்சு? அவன் வாயால எப்டிடா சொல்லுவான்?"

அப்போதுதான் படித்தேன். 'வூட்டுக்கு வந்துட்டேன்' என்று இருந்தது. அவ்வளவுதான், இரண்டே வார்த்தை. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக எங்களுக்குச் சொல்லியிருக்கிறான். நான் அவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருக்கிறேன். ஆதார் அட்டையோடு நின்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, அவனைத் திரும்பச் சேர்த்தேன். சேர்த்த கையோடு அவன் தானே விலகிப் போனான்.

சாயங்காலம் நான்கு இளநீர் வாங்கிக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவிதான் கதவைத் திறந்தார். "வாங்கண்ணா. காலையிலேருந்து மூஞ்சியத் தூக்கி வச்சினு உக்காந்திருக்காரு. நீங்களே இன்னான்னு கேளுங்க" என்றார். எனக்குத் தெரியாதா இன்னான்னு.

கட்டிலில் பீரோவில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். மடியில் மகளுடைய ரஃப் நோட்டு. நான் வாயைத் திறப்பதற்குள் எழுதிக் காட்டினான்: 'டைப் பண்ணது தப்பு. ரூல்ஸ் ரூல்ஸ்.'

"அடிக்கணும்னா அடிச்சுடுடா, இப்டி எழுதிக் கொல்லாத" என்றேன்.

சிரிக்கவில்லை.  நோட்டில் அதற்குக் கீழே எழுதினான்: 'குரல் முன்ன மாதிரி வருமான்னு டாக்டர் இப்ப சொல்ல மாட்டேன்றாரு. ஒரு மாசம் கழிச்சுப் பாக்கலாம்றாரு. பேச்சு வந்தா வண்டிக்கு வா, இல்லன்னா வேற ஆளு போட்டுக்கறேன்னு ஓனர் சொல்லிட்டாரு.' அதற்கும் கீழே, சின்ன எழுத்தில்: 'கத்தாம எனக்கு இன்னா தெரியும்?'

 இந்த மாதிரி நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருக்கிற நல்ல பழக்கம் என்னிடம் இல்லை. "நீ வர்ற வரைக்கும் மேட்ச் நான் சொல்றேன்" என்று உளறிவிட்டேன். அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். குரூப்பில் சேர்க்கட்டுமா என்று கேட்டேன். தலையை ஆட்டி மறுத்துவிட்டான்.

மறுநாள் காலை ஆறு மணிக்கு, பல்கூடத் துலக்காமல் மைக்கை அமுக்கினேன். நான் கடலூருக்கு ஆண்டுக்கு ஒரு தடவை போகிறவன், அதுவும் ஜன்னலோர சீட்டில் தூங்கிக்கொண்டு. இருந்தாலும் தொடங்கிவிட்டேன். "முதலியார்பேட்டையில பந்து ஏறுது. அரியாங்குப்பம் பாலம். ஒரே மிதி, கிருமாம்பாக்கம். அங்கேருந்து தவளக்குப்பம்..."

கோலிக்கு அடுத்த தெருவில் இருக்கும் தையல்காரன் அந்தக் கண்றாவியைக் கேட்டுவிட்டு, சும்மா இருக்காமல், போனை எடுத்துக்கொண்டு நேராகக் கோலியின் வீட்டுக்குப் போய் அவன் காதில் வைத்திருக்கிறான். கொஞ்ச நேரத்தில் தையல்காரன் போனிலிருந்து குரூப்புக்கு ஒரு பதிவு வந்தது. அதில் பேச்சு இல்லை. ஒரே ஒரு சத்தம். ட்டங்.

பஸ் ஏறுகிற எவனுக்கும் அது தெரியும். கண்டக்டர் பஸ்ஸின் தகரத்தில் ஒரு தட்டு தட்டினால் வண்டியை நிறுத்து. இரண்டு தட்டு தட்டினால் போகலாம். அவன் கைக்கு எட்டிய தகரம் பீரோ. நான் நிறுத்தினேன். எங்கே தப்பு என்று யோசித்தேன். யோசித்துப் பயனில்லாமல் கடைக்கு வந்த ஒரு கடலூர்க்காரரிடம் கேட்டேன். "தவளக்குப்பம் தாண்டித்தான் சார் கிருமாம்பாக்கம். நீங்க ரிட்டர்ன்ல வர்றீங்களா?" என்றார். திருத்திச் சொல்லி அனுப்பினேன். தையல்காரன் மறுபடி போனோடு ஓடியிருக்கிறான், ஐந்து நிமிஷத்தில் பதில் வந்தது. ட்டங் ட்டங்.

அந்தச் சத்தத்தை நான் பத்துத் தடவையாவது போட்டுக் கேட்டிருப்பேன்.

அன்று சாயங்காலமே குரூப்பில் சேர்க்கச் சம்மதித்தான். செய்த பாவத்துக்குப் பரிகாரமாக அவனையும் அட்மின் ஆக்கினேன். பிரான்சுக்காரன் ஒரு சட்டப் பிரச்சினையைக் கிளப்பினான். "ரூல்ஸ்படி வாயாலதான சொல்லணும்? இவன் கையால தட்றானே, இது ஃபவுலு." அதற்குத் தையல்காரன், "கோலிக்குக் கை அலவ்டு" என்றான். விவகாரம் அதோடு முடிந்தது.

பிறகு ஒரு மாதம் அப்படித்தான் ஓடியது. நான் வாய், அவன் பீரோ. நான் ரெட்டிச்சாவடியை விட்டுவிட்டுப் போனால் ஒரு தட்டு. ஒரு தடவை செக்போஸ்ட்டை மறந்து பந்தை நேரே கடலூருக்குள் விட்டபோது, கதவே கழன்று விழுகிற மாதிரி அடித்திருக்கிறான். பின்னணியில் அவன் மனைவி, "அது எங்க அம்மா வூட்டுச் சீரு, கொஞ்சம் பாத்துத் தட்டு" என்று சொல்வதும் பதிவாகியிருந்தது. எங்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. ஆனால் ஒவ்வொரு நாளும் சிரித்து முடித்ததும் நாள்கணக்கு நினைவுக்கு வரும். இன்னும் பத்து நாள். இன்னும் நாலு நாள். யாரும் வாயால் சொல்லவில்லை, எல்லோரும் எண்ணிக்கொண்டிருந்தோம்.

அந்த நாளும் வந்தது. காலை எட்டு மணிக்குக் கோரிமேடு போயிருந்தான். அன்று நான் மேட்ச் சொல்லவில்லை. தையல்காரனிடம் ஆட்டுக் கதை கூட இல்லை. கடையில் ஒருவர் ஐந்து காப்பி கேட்டார், நான் ஐம்பது போட்டுவிட்டேன். பதினொரு மணிக்கு அவனிடமிருந்து ஒரு பதிவு வந்தது. பீரோ சத்தமாக இருக்க முடியாது, ஆஸ்பத்திரியில் இருக்கிறானே. நாலு நொடிதான். அதை அமுக்க எனக்குத் தைரியம் வரவில்லை. எதிரே நின்றவர் மீதி நாற்பத்தைந்து காப்பியை என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டிருந்தார். அமுக்கினேன்.

குரல் பழைய குரல் இல்லை. மெலிந்து, மணல் கலந்து, பக்கத்து வீட்டுக்காரர் பேசுகிற மாதிரி இருந்தது. ஆனால் அந்த இழுப்பு அவனுடையது.

"தவளக்குப்பம்... தாண்டியாச்சு. கடலூர் இன்னும் வரல. ஆனா வந்துடும்."

அடுத்து அவன் மனைவி சொன்ன பதிவு. குரல் பாதிக்கு மேல் வந்துவிட்டதாம், இன்னும் கொஞ்ச நாளில் தேறிவிடுமாம், ஆனால் இனி கத்தவே கூடாதாம். தானே ஓனருக்குப் போன் போட்டு இவனைப் பேச வைத்தாராம். ஓனர் கேட்டுவிட்டு, கத்துவதற்குப் பதிலாக விசில் வாங்கித் தருகிறேன், அடுத்த மாதம் வா என்றாராம்.

குரூப்பில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். பிரான்சுக்காரன் பிரெஞ்சில் ஏதோ கத்தினான். தையல்காரன் மிஷினை வேகமாக மிதித்து, அந்தச் சத்தத்தை அனுப்பினான். நானும் மைக்கை அமுக்கினேன்.  மறுபடி அமுக்கினேன். மூச்சுச் சத்தம்தான் வருகிறது. சனியன், இத்தனை வருடமாக ஓயாத வாய், அன்றைக்குப் பார்த்து ஒரு வார்த்தை தர மாட்டேன் என்கிறது. வேறு வழியில்லாமல் டைப் அடித்தேன்: 'வாடா'.

அனுப்பிக் கையெடுக்கவில்லை. அட்மின் என்னை நீக்கிவிட்டார் என்று திரையில் வந்தது.

மறுநாள் காலை சரியாக ஆறு மணிக்குத்தான் சேர்த்துக்கொண்டான்.