முதல் வரிக்கு மேலே

ஆறாம் வகுப்போடு தோட்டத்துப் பள்ளியை விட்டவன் நான். ஆனாலும் தம்போயில் என் பட்டறையில் செய்த பம்ப்புப் பெட்டி ஓடாத ஊர் ஜொகூர் மாநிலத்தில் குறைவு. சிகாமட்டில் என் அக்கா குடியிருக்கும் வரிசை வீடுகளைக் காப்பதும் என் பெட்டிதான். கால்வாயில் தண்ணீர் ஏறினால் அதுவே பம்ப்பை முடுக்கி ஆற்றில் தள்ளிவிடும். இதைக் கோயில் கூட்டத்தில் மைக் பிடித்தே சொல்லியிருக்கிறேன்.

வெள்ளம் வந்த அந்த மழையில் இடி விழுந்து, பெட்டியின் போர்டும் கையால் முடுக்கும் சுவிட்சும் சேர்ந்து கருகின. நான் எடுத்துப் போன மாற்றுப் போர்டில் வேறு வகைச் சில்லு. பழைய நிரல் அதற்குப் புரியாது. என் மடிக்கணினியில் வைத்து, அந்தச் சில்லுக்கு ஏற்றபடி நிரலை மறுபடி கட்ட வேண்டும். அதற்கென்றே, நிரலைச் சில்லின் மொழிக்கு மாற்றும் தனிக் கம்பைலர் ஒன்றை என் பழைய இஞ்சினியர் செய்து வைத்திருந்தான். 'கணினியின் சொந்தக் கம்பைலரைத் தொடாதே, இதை எடு, இது இங்கே இருக்கிறது' என்று சொல்கிற கோப்பு மட்டும் என்னிடம் இல்லை. சிங்கப்பூரில் வேலைக்குப் போய்விட்ட அவன், அதைப் படம் பிடித்து அனுப்பிவிட்டு ஷிப்டுக்குள் நுழைந்துவிட்டான். உள்ளே கைபேசி கூடாது.

அக்கா வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, படத்தைப் பார்த்து எழுத்தெழுத்தாகத் தட்டினேன். ஓடவிட்டேன். முதல் வரியில் பிழை என்றது.

முதல் வரியில் சில்லின் பெயர். அழித்துத் தட்டினேன். பிழை. பெரிய எழுத்தா, சின்ன எழுத்தா என்று கண்ணாடியைத் துடைத்துப் பார்த்தேன். பிழை.

"தம்பி, தண்ணி வாசப்படி ஏறிருச்சுடா," என்றாள் அக்கா, அரிசி மூட்டையை என் பக்கத்தில் தூக்கி வைத்தபடி. "மாமாவ எப்படித் தூக்குறது?"

அவள் கணவர் பக்கவாதத்தில் கிடக்கிறவர். பக்கத்து வீட்டு ஆண்கள் அவரவர் பொருளைத் தூக்கிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தார்கள். படகு வரும் என்றார்கள், வரவில்லை.

"மைக்குல பெரிய தவுக்கே, மொதலாளி மாதிரி பேசுனியே!"

அதே வரியை மறுபடி அழித்துத் தட்டினேன். பிழை. தண்ணீர் மேசைக்கடியில் என் காலை நனைத்தபோது, மாமாவை நான்தான் கொல்லப் போகிறேன் என்று நினைத்தேன்.

கைபேசி அடித்தது. இஞ்சினியருக்கு இடைவேளை.

"அங்கிள், மொத லைன படிங்க."

படித்தேன்.

"சரியாத்தான் இருக்கு. அதுக்கு மேல?"

"மேல ஒண்ணுமில்லடா. பிள்ளையார் சுழிதான்."

"அலமாக்! ஃபைல்லயா போட்டீங்க?"

"எதுல எழுதுனாலும் போடுவேன்டா. அது என்ன, ஒரு வரியா?"

"கம்பைலருக்கு அதான் அங்கிள் மொத வரி! அழிங்க."

அந்த நேரத்தில் அதை அழிக்க எனக்குக் கை வரவில்லை. வேறு வழி உண்டா என்று கத்தினேன். முன்னால் ஒரு வேலிக் குறி (#) போட்டால், மிஷின் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும் என்றான். போட்டேன். நிரல் கட்டி முடிந்தது.

அதைப் போர்டில் ஏற்றி, நெகிழிப் பையில் சுற்றித் தலைமேல் வைத்துக்கொண்டு, இடுப்பளவுத் தண்ணீரில் பம்ப்பு அறைக்கு நடந்தேன். மாட்டினேன். மோட்டார் உறுமியது.

திரும்பி வந்தபோது மாமாவின் மெத்தை ஓரம் நனைந்திருந்தது. அக்கா கட்டிலில் ஏறி, அவர் தலையை மடியில் வைத்திருந்தாள். மூவரும் கட்டில் காலையே பார்த்துக்கொண்டிருந்தோம். வெகுநேரம் கழித்து, நனைந்த மரம் ஒரு விரலளவு வெளியே தெரிந்தது.