ஓடைக்கரையை வெட்டச் சொன்னவர்

டாக்டர் தெய்வநாயகம் படையாச்சி இறந்த அன்று காஜா பெராங் சாலையில் எல்லாக் கடைகளையும் சாத்தினார்கள். என் மளிகைக் கடை மட்டும் திறந்திருந்தது. "என்ன ஷரீஃபுதீன், கொஞ்சம்கூட மரியாதை இல்லையா?" என்று கேட்டவர்களிடம், பருப்பு வேண்டுமா, புளி வேண்டுமா என்று கேட்டு அனுப்பினேன். மலேரியாவை ஆராய்ந்து மலாக்காவின் பெயரை லண்டன் வரை கொண்டுபோனவர் என்று இந்த ஊர் அவரைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடுகிறது. ஆடட்டும். எனக்குத் தெரிந்ததை நான் எழுதி வைக்கிறேன்.

அவர் எங்கள் கடைக்குப் பின்னால் இருக்கும் செட்டிக் கம்பம் என்ற குடியிருப்பில் பிறந்தவர். அந்தச் சனங்கள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைப்பார்கள், வீட்டில் பேசுவது மலாய். எங்களோடும் அவர் மலாயில்தான் பேசினார். அதை நான் தமிழில் எழுதுகிறேன். சிங்கப்பூரில் டாக்டருக்குப் படித்து, சில வருஷம் ஆராய்ச்சிக்கூடத்தில் கொசுவைக் கீறிப் பார்த்துவிட்டு, மலேரியா ஆராய்ச்சிக்கென்றே சர்க்கார் சம்பளத்தில் ஊருக்குத் திரும்பினார். செங், புக்கிட் ரம்பாய் என்று ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, சட்டையைத் தூக்கி, இடது விலாவுக்குக் கீழே விரலை அழுத்துவார். மண்ணீரல் வீங்கியிருந்தால் அது மலேரியா இருக்கும் இடம். எதற்காக அழுத்துகிறார் என்று பெற்றவளிடம் ஒரு வார்த்தை சொன்னால் குறைந்தா போய்விடுவார்? சொல்ல மாட்டார். பெண் பிள்ளைகளின் வயிற்றைத் தொடுகிறான் என்று தாய்மார்கள் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். அவர் காதில் விழுந்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

கடலோரச் சதுப்பில் காட்டை வெட்டச் சொன்னார். அங்கே காய்ச்சல் அடங்கியது. அந்தச் சதுப்புக் கொசு நிழலில் வாழ்வது. அதெல்லாம் உண்மை, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு வெற்றியில் மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. நிழல் போனால் மலேரியாவும் போய்விடும் என்று சொல்லிக்கொண்டு ஆயர் குரோ பக்கத்துக் குன்றடிக்கு வந்து சேர்ந்தார்.

அங்கேதான் என் ராத்தா நஜ்முன்னிசாவின் டுரியான் தோட்டம் இருந்தது. என் மூத்த சகோதரி, புருஷனை இழந்தவள். சுல்தானா என்று ஒரு மகள், அலி அக்பர் என்று ஒரு கைக்குழந்தை. மூவரும் மாமியார் வீட்டில் இருந்தார்கள். தோட்டம் எங்கள் வாப்பா அவளுக்குக் கொடுத்தது. நடுவில் ஓர் ஓடை, இரண்டு கரையிலும் அடர்த்தியாக, பனை போன்ற ரும்பியா மரங்கள். அந்த ஓலையைக் கூரை வேய்பவர்களுக்கு விற்றுத்தான் அவள் கையில் நாலு காசு புரண்டது.

"துவான் டாக்டர், இந்த ஓலைய வச்சுத்தான் நாங்க சாப்பிடுறோம். கரையை மட்டும் விட்டுடுங்க" என்றாள் ராத்தா.

"காய்ச்சல்ல செத்துப்போனா ஓலைய யாருக்கு விப்பே?" என்றார் அவர். கைத்தடியால் ஒவ்வொரு மரமாகத் தட்டிக் காட்டினார். கூலிகள் வெட்டிச் சாய்த்தார்கள். ஓடை முழுவதும் வெயில் விழுந்தது. இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்று என்னிடமே பெருமையடித்தார்.

டுரியான் பழுத்தால் தானாக விழும். விழுந்ததை உடனே எடுக்காவிட்டால் திருடனுக்கும் காட்டுப்பன்றிக்கும்தான். அதனால் பருவம் வந்தால் தோட்டக் குடிசையிலேயே தங்கிக் காவல் இருப்பது இங்கே வழக்கம். அடுத்த பருவத்துக்கு ராத்தா சுல்தானாவைக் கூட்டிக்கொண்டு போனாள். சின்னவனை மாமியாரிடம் விட்டுவிட்டாள். கொஞ்ச நாளில் சுல்தானாவுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது.

நான் போய் டாக்டரைக் காரில் குடிசைக்கு அழைத்து வந்தேன். பிள்ளையின் விலாவுக்குக் கீழே அழுத்திப் பார்த்தார். முகம் மாறியது. கொயினா மருந்தைக் கரைத்து வாயில் ஊற்றினார். பிறகு வாசல் வழியாக ஓடையைப் பார்த்தார். பையிலிருந்து வெள்ளைக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு இறங்கி ஓடினார். குழந்தை பல் கிட்டி நடுங்குகிறது. இவர் தண்ணீரை மொள்கிறார், வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறார், மறுபடி மொள்கிறார்.

"டாக்டர், புள்ளையப் பாருங்க!" என்று ராத்தா கத்தினாள்.

"இதோ, இதோ" என்றார். திரும்பவில்லை. என்னைக் கூப்பிட்டுக் கிண்ணத்தைக் காட்டினார். "பாரு ஷரீஃபுதீன், இது வேற கொசுவோட புழு. வெயில் படுற தெளிஞ்ச தண்ணிதான் இதுக்கு வேணும்!" புதையல் கண்டவனைப் போல அவர் முகத்தில் சிரிப்பு. அந்தச் சிரிப்பை நான் மறக்க மாட்டேன், மன்னிக்கவும் மாட்டேன்.

மறுநாள் சுல்தானா மவுத்தாகிவிட்டாள். அவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் பிழைத்திருப்பாளா? தெரியாது.

மாமியார் ஊரைக் கூட்டிப் பேசினாள். "டுரியான் ஆசையில ஒரு புள்ளையக் கொண்டுபோய்க் கொன்னுட்டா. இன்னொண்ணையும் அவகிட்டக் குடுக்க நான் என்ன பைத்தியமா?" அலி அக்பரைத் தன்னிடம் வைத்துக்கொண்டு ராத்தாவை வெளியே அனுப்பினாள். ராத்தா என் வீட்டுக்கு வந்தாள். மகனைப் பார்க்கப் போன போதெல்லாம் கதவைச் சாத்தினார்கள்.

அவள் டாக்டரிடம் போனாள். "கரையை வெட்டினதாலதான் காய்ச்சல் வந்துச்சுன்னு என் மாமிகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. என் மவன் எனக்குக் கிடைச்சிருவான்."

"ஆராய்ச்சி இன்னும் முடியல" என்றார்.

முடிந்தது. குன்றடி ஓடைகளின் நிழலை வெட்டக் கூடாது என்று அவர் எழுதியதை வெள்ளைக்காரர்கள் கொண்டாடினார்கள், பதக்கம் கொடுத்தார்கள். அதனால் எத்தனையோ பிள்ளைகள் பிழைத்திருக்கும். அதையும் நான் மறுக்கவில்லை. ராத்தா மறுபடி போனாள். "உங்க குடும்பச் சண்டையில என்னை இழுக்காதே" என்றார்.

பிறகு நகர மண்டபத்தில் அவர் பேச்சு. விளக்கை அணைத்துத் திரையில் படம் காட்டினார்கள். எங்கள் ஓடை வந்தது. ராத்தா எழுந்து நின்றாள். "அந்த மரத்தையெல்லாம் வெட்டச் சொன்னது யாரு?"

"சர்க்கார்" என்றார் அவர். அடுத்த படத்தைப் போடச் சொன்னார்.

சில வருஷம் கழித்து ஒரு நாள் மாலை, ரிக்‌ஷாவில் தனியாக என் வீட்டுக்கு வந்தார். நோய் வந்து பாதியாக இளைத்திருந்தார். ராத்தா தேநீர் கொண்டுவந்து வைத்தாள்.

"நஜ்முன்னிசா, தப்பு என் மேலதான். நான்தான் வெட்டச் சொன்னேன்" என்றார்.

"இது எனக்கு அன்னைக்கே தெரியும், டாக்டர். எனக்குச் சொல்லி என்ன ஆகப் போவுது? கொஞ்சம் இருங்க." என் பக்கம் திரும்பினாள். "ஓடு தம்பி. மாமியக் கூட்டிட்டு வா. அலி அக்பரையும் கூட்டிட்டு வரச் சொல்லு."

ஓடினேன். மாமியார் லேசில் அசையவில்லை. டாக்டரே வந்து உட்கார்ந்திருக்கிறார் என்று நான் கெஞ்சிய பிறகு, பையனின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். வேடிக்கை பார்க்கத் தெருவில் பாதிப் பேர் பின்னால் வந்தார்கள்.

நாற்காலி காலியாக இருந்தது. தேநீரை அவர் தொடவே இல்லை. ராத்தா வாசலில் நின்று ரிக்‌ஷா போன பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்கடி உன் டாக்டர்?" என்றாள் மாமியார்.

ராத்தா மகனைப் பார்த்துக் கையை நீட்டினாள். அவன் மாமியாரின் முந்தானைக்குள் ஒதுங்கிக்கொண்டு, "இவங்க யாரு?" என்று கேட்டான்.